ஒரு சதுர மீட்டரில் சூழலியல்: உயிர்களும் அவற்றின் சூழலும், நீங்களே பார்த்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பழைய சுவரைப் பாருங்கள். நிழல் விழும் பக்கத்தில் பாசி பச்சைப் பசேலென்று படர்ந்திருக்கும். அதே சுவரின் வெயில் படும் பக்கம் மொட்டையாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே, கோடு போட்டது போல ஓர் இடத்தில் பாசி நின்றுவிடும். அந்தக் கோட்டின் முன் நின்று "ஏன் இங்கே நிற்கிறது? இன்னும் ஒரு சாண் தள்ளி ஏன் போகவில்லை?" என்று கேட்டீர்கள் என்றால், சூழலியல் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இந்தத் துறைக்கு 'எக்காலஜி' என்று பெயர் வைத்தவர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மானிய உயிரியலாளர். 1866-ஆம் ஆண்டு, 'வீடு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயரை உருவாக்கினார். எனக்கு அந்த வேர்ச்சொல் ரொம்பப் பிடிக்கும். ஒரு வீட்டைப் புரிந்துகொள்ள அதிலிருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் போதாது. யார் சம்பாதிக்கிறார்கள், யார் யாரை நம்பி இருக்கிறார்கள், யாருக்கும் யாருக்கும் ஆகாது என்பதெல்லாம் தெரிய வேண்டும். சூழலியலும் அப்படித்தான். பாடப்புத்தகத்தில் கலைச்சொற்கள் முதலில் வந்துவிடுவதால் பலருக்கு இது மனப்பாடப் பாடமாகிப் போகிறது. அதனால் இங்கே தலைகீழாகப் போவோம். ஒரு சதுர மீட்டர் நிலத்தை எடுத்துக்கொண்டு, பார்த்ததற்குப் பிறகு பெயர் சொல்வோம்.

தேவையானவை: நான்கு குச்சி, நாலைந்து மீட்டர் கயிறு, கோடு போடாத நோட்டு, பென்சில், பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு பூதக்கண்ணாடி, ஒரு வெப்பமானி, அளவுகோல், ஒரு வெள்ளைத் தட்டு. ஒரு மாதப் பொறுமையும் வேண்டும்.

படி 1: இடத்தைத் தேர்ந்து கயிறு கட்டுங்கள்

எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கும் புல்வெளியின் நடுவை எடுக்காதீர்கள். ஓரங்களைத் தேடுங்கள். பாதி நிழல் பாதி வெயில், பாதி ஈரம் பாதி காய்ச்சல், மரத்தடி முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடம், வாய்க்கால் கரை, இப்படி. இரண்டு விதமான சூழல் ஒரே சதுரத்துக்குள் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வழி கிடைக்கும். ஒப்பீடு இல்லாமல் 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் வராது.

நான்கு மூலையிலும் குச்சி நட்டு, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டுங்கள். இந்தக் கயிறு நம் வசதிக்காக மட்டும்தான் என்பதை நினைவில் வையுங்கள். எறும்பு அதைத் தாண்டிப் போகும், பறவை வெளியிலிருந்து வரும், மழைநீர் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறும். 1935-இல் ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர், உயிர்களையும் அவற்றைச் சுற்றியுள்ள மண், நீர், காற்று, ஒளி ஆகியவற்றையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அதற்குச் சூழல் மண்டலம் என்ற கருத்தைக் கொடுத்தார். அதன் எல்லை எங்கே என்பதை ஆய்வு செய்பவரே முடிவு செய்கிறார். குட்டை, காடு, மரப்பொந்தில் தேங்கிய கையளவு தண்ணீர் எல்லாமே சூழல் மண்டலங்கள்தான்.

படி 2: முதலில் உயிரில்லாதவற்றை அளந்து எழுதுங்கள்

சதுரத்துக்குள் குனிந்ததும் கண் பூச்சிகளைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். முதல் நாள் முழுவதையும் ஒளி, வெப்பம், ஈரம், மண், காற்று ஆகிய ஐந்துக்கு ஒதுக்குங்கள்.

வெப்பமானியை நான்கு இடத்தில் வைத்துப் பாருங்கள்: உங்கள் முழங்கால் உயரத்தில், வெயில் படும் மண்ணின் மேல், சருகுக்கு அடியில், மண்ணுக்குள் ஒரு விரல் ஆழத்தில். காலை, உச்சி, மாலை என்று மூன்று முறை எடுங்கள். மண்ணின் மேற்பரப்பு நடுப்பகலில் எகிறும், மாலையில் சட்டென்று இறங்கும். சருகுக்கு அடியில் அவ்வளவு ஆட்டம் இருக்காது. வானிலை அறிக்கை சொல்லும் வெப்பநிலை நம் தலை உயரத்துக்கானது. தரையோடு தரையாக ஓடும் எறும்புக்கு அது வேறு உலகத்துச் செய்தி. இப்படி ஒரு சிறு இடத்துக்குள் தனியாக அமையும் தட்பவெப்பத்தை நுண்காலநிலை என்பார்கள். ஒரு மரவட்டை நண்பகலில் ஏன் வெளியே தலைகாட்டுவதில்லை என்பதற்கான பாதி விடை உங்கள் அட்டவணையிலேயே இருக்கும்.

மண்ணுக்கு ஒரு எளிய சோதனை. ஒரு கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி, அசையாமல் வைத்துவிடுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் உட்காரும். வண்டல் சில மணி நேரத்தில் அதன் மேல் படியும். களி கலங்கலாகவே நின்று, ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். மக்கிய துணுக்குகள் மேலே மிதக்கும். மணல் மிகுந்த மண்ணில் தண்ணீர் நிற்காது, களி மிகுந்த மண்ணில் எளிதில் வடியாது. சதுரத்தின் இரு பாதியிலிருந்தும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள்.

இப்போது ஒரு கருத்து. ஒவ்வொரு உயிருக்கும் ஒவ்வொரு காரணியிலும் தாங்கக்கூடிய ஓர் எல்லை உண்டு. ரொம்பக் குறைந்தாலும் சாகும், ரொம்பக் கூடினாலும் சாகும், நடுவில் ஒரு பகுதியில் செழிக்கும். விக்டர் ஷெல்ஃபோர்டு என்பவர் 1913-இல் இதைத் தாங்குதிறன் விதியாகச் சொன்னார். இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது, லீபிக் என்ற வேதியியலாளர் பரப்பிய குறைமட்ட விதி. செடிக்குத் தேவையான எல்லாம் தாராளமாக இருந்து, ஒன்றே ஒன்று பற்றாக்குறையாக இருந்தால், வளர்ச்சியை அந்த ஒன்றுதான் தீர்மானிக்கும். மற்றவற்றை எவ்வளவு கூட்டினாலும் பயன் குறைவு. சுவர்ப் பாசிக்கு அந்த ஒன்று ஈரம்.

ஆனால் உயிர்கள் சூழல் கொடுப்பதை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதில்லை. சில விலகிப் போகும்: மண்புழு ஆழத்துக்கு இறங்கும். சில மூடிக்கொள்ளும்: வறண்ட நாட்களில் நத்தை ஓட்டின் வாயைச் சளிப்படலத்தால் அடைத்துக்கொண்டு உறங்கிவிடும். செடிக்கு நகர முடியாது, அது இலைத்துளைகளை மூடும். துளையை மூடினால் தண்ணீர் மிச்சமாகும், ஆனால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வராது, உணவுத் தயாரிப்பு படுத்துவிடும். தாகமா பசியா என்று செடி ஒவ்வொரு நண்பகலிலும் ஒரு பேரம் நடத்துகிறது. சூழலியலில் எங்கே தொட்டாலும் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கும்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சூழல் உயிரை மாற்றுவது போலவே உயிரும் சூழலை மாற்றுகிறது. நீங்கள் அளந்த நிழலைக் கொடுத்தது ஒரு மரம். சருகுக்கு அடியில் குளிர்ச்சி இருந்ததற்குக் காரணம் அந்தச் சருகு. மண்ணில் காற்று புகுந்தது மண்புழு துளைத்ததால். 'உயிரற்ற காரணி' என்று நாம் எழுதிய பட்டியலில் பாதி, உயிர்கள் கைவைத்தவை.

படி 3: யார் யார் இருக்கிறார்கள்?

பெயர் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். நீங்களே பெயர் வையுங்கள்: 'சிவப்புக்கால் வண்டு', 'முள்இலைச் செடி', 'கடுகளவு துள்ளி'. படம் வரைந்து, பக்கத்தில் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். பெயரைப் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். பார்த்த நேரத்தில் எழுதாமல் விட்ட செயலைத் திரும்பப் பிடிக்க முடியாது.

கல்லையோ மரக்கட்டையையோ புரட்டும்போது வெறும் கையை அடியில் விடாதீர்கள். உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் விளிம்பு முதலில் திறக்கும்படி, கல்லை உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அடியில் தேளோ பூரானோ இருந்தால் அந்தப் பக்கம் ஓடிவிடும். பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே மெதுவாக வையுங்கள். அது பல உயிர்களுக்குக் கூரை.

ஒரே இனத்தைச் சேர்ந்த உயிர்கள் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால் இனக்கூட்டம். பல இனக்கூட்டங்கள் சேர்ந்தால் உயிரினச் சமுதாயம். அதோடு மண், நீர், ஒளியைச் சேர்த்தால் சூழல் மண்டலம். படிநிலை அவ்வளவுதான், இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

படி 4: உறவுகளை வரையுங்கள்

இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் படி. பட்டியலில் உள்ள எந்த இரண்டு உயிர்களை எடுத்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது பக்கத்தில் இருப்பதால் அதற்கு லாபமா, நஷ்டமா, ஒன்றுமில்லையா? லாபத்துக்குக் கூட்டல் குறி, நஷ்டத்துக்குக் கழித்தல், ஒன்றுமில்லாததற்குப் பூஜ்யம். இருவருக்கும் கூட்டல் என்றால் பரஸ்பர உதவி. ஒருவருக்குக் கூட்டல் மற்றவருக்குக் கழித்தல் என்றால் கொன்றுண்ணுதல், மேய்தல் அல்லது ஒட்டுண்ணி வாழ்க்கை. இருவருக்கும் கழித்தல் என்றால் போட்டி. கூட்டலும் பூஜ்யமும் சேர்ந்தால் ஒருவர் மட்டும் உதவி பெறும் உறவு. கழித்தலும் பூஜ்யமும் சேர்ந்தால், யானை நடந்த வழியில் நசுங்கிய புல்லைப் போல, செய்பவருக்கு எதுவும் இல்லாமல் படுபவருக்கு மட்டும் கேடு.

கேட்க எளிதாக இருக்கிறது. ஒரு தளிர்த்தண்டை எடுத்துப் பார்த்தால் எவ்வளவு சிக்கல் என்று புரியும். அசுவினி என்ற, சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகள் மொய்த்த தண்டு ஒன்று கிடைத்தால் விடாதீர்கள், பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள்.

தண்டின் நுனியில் நூறு அசுவினிகள் வாயூசியைச் செருகி, அசையாமல் சாறு குடித்துக்கொண்டிருக்கும். செடிக்குக் கழித்தல், அசுவினிக்குக் கூட்டல். அந்தச் சாற்றில் சர்க்கரை அதிகம், புரதம் குறைவு. வேண்டிய புரதத்துக்காக நிறையக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையைத் துளித்துளியாகப் பின்னால் வெளியேற்றும். ஓர் எறும்பு வந்து உணர்கொம்பால் அசுவினியின் முதுகைத் தட்டும். ஒரு துளி வெளிவரும். எறும்பு குடிக்கும், அடுத்ததற்கு நகரும். இதற்குப் பதிலாக எறும்பு காவல் காக்கிறது. பொறிவண்டு பக்கத்தில் வந்தால் ஓடிப்போய்க் கடித்துத் துரத்தும். ஆக, இருவருக்கும் கூட்டல்.

இப்போது கூட்டத்துக்குள் நன்றாகத் தேடுங்கள். மற்றவை பச்சையாக இருக்க, ஒன்றிரண்டு மட்டும் பழுப்பேறி, உப்பி, காகிதம் போல உலர்ந்து தண்டோடு ஒட்டியிருக்கும். அவை செத்த அசுவினிகள். மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி ஒன்று உயிருள்ள அசுவினிக்குள் முட்டையிட, அதன் புழு உள்ளே இருந்தே தின்று வளர்ந்திருக்கிறது. சிலவற்றின் முதுகில் கத்தரித்தது போல வட்டமான ஒரு துவாரம் தெரியும். குளவி அந்த வழியாக வெளியேறிவிட்டது என்று பொருள். முதன்முறை அதைப் பார்த்தபோது நான் அந்தச் செடியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கீழே இலைகளில் கரி பூசியது போல ஒரு படலம் இருந்தால், அது சிந்திய சர்க்கரையின் மேல் வளர்ந்த கரும்பூசணம். இலைக்கு வரும் ஒளியை அது மறைக்கிறது.

சரி, இப்போது சொல்லுங்கள், எறும்பு இந்தச் செடிக்கு நண்பனா எதிரியா? அசுவினியைக் காப்பதால் எதிரி. ஆனால் அதே எறும்பு இலை தின்னும் கம்பளிப்புழுக்களையும் துரத்தும். புழுக்கள் அதிகமுள்ள இடத்தில் எறும்பு இருப்பது செடிக்கு லாபமாகவே முடியலாம். ஆக, கூட்டலும் கழித்தலும் உயிர்களின் நிரந்தர குணம் இல்லை, யார் யார் கூட இருக்கிறார்கள், என்ன நிலைமை என்பதைப் பொறுத்து மாறும். அதனால் நோட்டில் குறியோடு சேர்த்து நாளையும் நிலைமையையும் எழுதுங்கள்.

போட்டியை நேரில் பார்ப்பது இதைவிடக் கடினம், ஏனென்றால் தோற்றவர் அங்கே இருக்க மாட்டார். ரஷ்ய அறிவியலாளர் காஸ் 1930-களில் பரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரின் இரண்டு இனங்களைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்தார், இரண்டும் நன்றாக வளர்ந்தன. ஒரே குழாயில் ஒரே உணவோடு விட்டபோது ஒன்று மற்றதை ஒழித்துவிட்டது. ஆனால் தோற்ற இனத்தை மூன்றாவது ஓர் இனத்தோடு விட்டுப் பார்த்தபோது இரண்டும் நிலைத்தன, ஏனென்றால் ஒன்று மேலே மேய்ந்தது, மற்றது அடியில் மேய்ந்தது. வாழிடம் என்பது உயிரின் முகவரி என்றால், அது அங்கே என்ன தின்று, எப்போது நடமாடி, எப்படிப் பிழைக்கிறது என்பதெல்லாம் சேர்ந்தது அதன் பிழைப்பு. முகவரி ஒன்றாக இருக்கலாம், பிழைப்பு அப்படியே ஒன்றாக இருந்தால் நீடிக்காது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிக அழகான விடை ஸ்காட்லாந்தின் கடலோரப் பாறையில் கிடைத்தது. கொட்டலசு என்பது பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் சிறிய ஓட்டு உயிர். அங்கே பாறையின் மேல்பகுதியில் ஓர் இனமும், கீழ்ப்பகுதியில் வேறோர் இனமும் பட்டை பட்டையாக இருந்தன. ஜோசப் கானல் என்ற சூழலியலாளர் கீழ்ப்பட்டையிலிருந்து ஓர் இனத்தை அகற்றிவிட்டுக் காத்திருந்தார். மேலே இருந்த இனம் கீழேயும் நன்றாக வளர்ந்தது! அதுவரை அதைக் கீழே வரவிடாமல் தடுத்தது அலையோ நீரோ இல்லை. வேகமாக வளரும் அந்த மற்ற இனம் அதன் மேல் ஏறி நசுக்கியும் நெம்பியும் தள்ளியிருக்கிறது. அந்த வலுத்த இனம் ஏன் மேலே போகவில்லை? நீர் வற்றும் நேரத்தில் மேலே காயும் காய்ச்சலை அதனால் தாங்க முடியவில்லை. 1961-இல் இதை வெளியிட்டார். மேல் எல்லையைப் போட்டது வெயில், கீழ் எல்லையைப் போட்டது பக்கத்து வீட்டுக்காரர். உங்கள் சதுரத்தில் ஒரு செடி எங்கே நின்றுவிடுகிறதோ அங்கேயும் இந்த இரண்டு சந்தேகங்களையும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: யார் யாரைத் தின்கிறார்கள், ஆற்றல் எங்கே போகிறது?

நோட்டில் புதிய பக்கம் எடுத்து, பார்த்த உயிர்களையெல்லாம் சிதறலாக எழுதி அம்புக்குறி போடுங்கள். அம்பு தின்னப்படுவதிலிருந்து தின்பவருக்குப் போக வேண்டும். தண்டிலிருந்து அசுவினிக்கு, அசுவினியிலிருந்து பொறிவண்டுக்கு. பலர் தலைகீழாகப் போட்டுவிடுவார்கள். ஆற்றல் போகும் திசையைத்தான் அம்பு காட்டுகிறது என்று நினைத்தால் தவறு வராது.

ஒரே வரிசையாக வந்தால் உணவுச்சங்கிலி. ஆனால் ஒரு வாரம் பார்த்தபின் உங்கள் தாளில் சங்கிலி இருக்காது, சிக்கலான உணவு வலை இருக்கும். சிலந்தி கொசுவையும் தின்னும், தேனீயையும் தின்னும், இன்னொரு சிலந்தியையும் தின்னும்.

சூரிய ஒளியில் செடிகள் பிடித்து வைப்பது சிறு பங்கு, பொதுவாக நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு என்ற அளவில்தான். அதில் ஒரு பகுதியைச் செடி தன் சுவாசத்துக்கே செலவழிக்கிறது. மிச்சத்தில் கொஞ்சத்தைப் புழு தின்கிறது. தின்றதில் செரிக்காதது எச்சமாகப் போகிறது, செரித்ததில் பெரும்பகுதி நகரவும் உயிரோடிருக்கவும் செலவாகி வெப்பமாக வெளியேறுகிறது. புழுவின் உடலாக மாறுவது கொஞ்சம்தான். பறவைக்குக் கிடைப்பது அந்தக் கொஞ்சம். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சுமார் 10 சதவீதம் போகும் என்று பாடங்களில் சொல்வது ஒரு தோராயக் கணக்கு. இடத்துக்கு இடம் அது நிறைய மாறும். செடி 10,000 அலகு சேர்த்தால், மேய்பவர் 1,000, அதைத் தின்பவர் 100, அதையும் தின்பவர் 10. கழுகு ஏன் குருவியைப் போலக் கூட்டம் கூட்டமாக இல்லை என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

ஆற்றலை இப்படிப் படிப்படியாகக் கணக்குப் பார்க்கலாம் என்று காட்டியவர் ரேமண்ட் லிண்டமன். அமெரிக்காவில் மினசோட்டாவின் சீடர் பாக் என்ற சிறு ஏரியை ஆண்டுக்கணக்கில் அளந்து எழுதிய அவருடைய கட்டுரை 1942-இல் வெளியானது. அச்சில் அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 26 வயதில் நோயால் இறந்துபோனார். இன்று உலகில் எந்த மாணவர் ஆற்றல் பிரமிடு வரைந்தாலும் அந்த ஏரிக்கரையில் தொடங்கிய வேலையைத்தான் தொடர்கிறார்.

படி 6: பொருள் எங்கே சுற்றுகிறது?

ஆற்றல் ஒருவழிப் பயணி, வந்தது வெப்பமாகப் போய்விடும். பொருள் அப்படி இல்லை, சுற்றிச் சுற்றி வரும். இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய சோதனை. வான் ஹெல்மான்ட் என்பவர் சுமார் 90 கிலோ காய்ந்த மண்ணில் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 70 கிலோவுக்கு மேல் கூடிவிட்டது. மண்ணில் குறைந்தது வெறும் 57 கிராம் அளவுதான். இது அவர் இறந்தபின் 1648-இல் அச்சில் வந்தது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். பாதிதான் சரி. கட்டையின் கார்பன் முழுவதும் காற்றிலிருந்து வந்தது, அதுவும் காற்றில் வெறும் 0.04 சதவீதம் இருக்கும் கார்பன் டை ஆக்சைடிலிருந்து. ஒரு பெரிய மரத்தைக் கைவைத்துத் தொடும்போது, உறைந்த காற்றைத்தான் தொடுகிறோம்.

குறைந்துபோன அந்த 57 கிராமும் அற்பமில்லை. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்றவை அதற்குள்தான் இருக்கும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது. பயறு வகைச் செடி ஏதாவது கண்ணில் பட்டால் வேரோடு மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். வேரில் மணிமணியாக முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அதற்குள் வாழும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிறம் நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்தால் வருகிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை இன்னும் தொடங்கவில்லை, அல்லது முடிந்துவிட்டது.

திரும்பக் கொடுக்கும் வேலையைப் பார்க்க, சருகை அடுக்கு அடுக்காக வெள்ளைத் தட்டில் எடுங்கள். மேலே முழு இலை. அதற்குக் கீழே ஓட்டை விழுந்தது. அதற்கும் கீழே நரம்பு மட்டும் வலைபோல் மிஞ்சியது, வெள்ளை நூல் போலப் பூஞ்சை ஓடியது. கடைசியில் எது இலை எது மண் என்று பிரித்தறிய முடியாத கறுப்பு. மேலிருந்து கீழே வரவர, நாள்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டுவது போல இருக்கும். மரவட்டையும் மண்புழுவும் துண்டாக்குகின்றன, பூஞ்சையும் பாக்டீரியாவும் அதை அணுவணுவாகப் பிரித்து முடிக்கின்றன. சூழலியலில் இந்தச் சிதைப்பவர்களுக்குக் கிடைக்கும் கவனம் மிகக் குறைவு என்பது என் நெடுநாள் வருத்தம்.

அவர்களை அளக்க ஒரு வழி: ஒரே மரத்தின் காய்ந்த இலைகளைச் சம எடையாகப் பிரித்து, பாதியைப் பெரிய கண் வலைப்பையிலும் மீதியை மிக நுண்ணிய கண் வலைப்பையிலும் கட்டி, ஒரே ஆழத்தில் புதைத்து வையுங்கள். நுண்ணிய வலைக்குள் மரவட்டையும் புழுவும் போக முடியாது, பூஞ்சையும் பாக்டீரியாவும் போகும். சில வாரம் கழித்து எடுத்து, மண்ணை உதறி, காயவைத்து எடை பாருங்கள். இரண்டின் வித்தியாசம், துண்டாக்குபவர்களின் பங்கு.

படி 7: எண்ணுங்கள்

செடிகளை எண்ண உங்கள் கயிற்றுச் சதுரமே போதும். ஒரு சதுரத்தை வைத்துப் பெரிய இடத்தைப் பற்றி முடிவு கட்டக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு குச்சியை எறிந்து, விழுந்த இடங்களில் பத்துச் சதுரமாவது போட்டுச் சராசரி எடுங்கள். பிடித்த இடமாகப் பார்த்துப் போட்டால் கணக்கு உங்கள் ஆசையைத்தான் காட்டும்.

நகரும் உயிர்களுக்கு வேறு முறை. ஒரு மாலை 40 நத்தைகளைப் பிடித்து, ஓட்டில் கண்ணுக்கு உறுத்தாத சிறு வண்ணப்புள்ளி வைத்து விட்டுவிடுங்கள். சில நாள் கழித்து 50 பிடிக்கிறீர்கள், அதில் 10-இல் புள்ளி இருக்கிறது. அதாவது ஐந்தில் ஒன்று. அப்படியானால் முதலில் குறியிட்ட 40-உம் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மொத்தம் சுமார் 200. இடைப்பட்ட நாளில் நிறையச் சாகவில்லை, வெளியிலிருந்து வரவில்லை, புள்ளி அழியவில்லை என்றால்தான் இந்தக் கணக்கு நிற்கும். புள்ளி பறவையின் கண்ணில் படும்படி பளிச்சென்று இருந்தால் நீங்களே கணக்கைக் கெடுத்துவிடுவீர்கள்.

எண்ணிக்கை ஏன் ஏறி இறங்குகிறது என்பதற்குப் புகழ்பெற்ற உதாரணம் கனடாவின் பனிமுயலும் அதை வேட்டையாடும் லின்க்ஸ் பூனையும். ஏறக்குறைய 10 ஆண்டுக்கு ஒருமுறை முயல் பெருகும், பின்னாலேயே பூனை பெருகும், முயல் சரியும், பூனையும் சரியும். 'பூனை தின்றதால் முயல் குறைந்தது' என்று முடித்துவிடுவது எளிது. யூகான் பகுதியில் ஆண்டுக்கணக்கில் நடந்த களச்சோதனை வேறு மாதிரிச் சொன்னது. கொன்றுண்ணிகளை வேலியால் தடுத்த இடத்தில் முயல் சுமார் 2 மடங்கு கூடியது. உணவு மட்டும் கூடுதலாகக் கொடுத்த இடத்தில் சுமார் 3 மடங்கு. இரண்டையும் ஒன்றாகச் செய்த இடத்தில் 11 மடங்கு! இரண்டும் மூன்றும் சேர்ந்து பதினொன்று ஆனதற்குக் காரணம், பசியும் பயமும் ஒன்றையொன்று வளர்ப்பதுதான். பசித்த முயல் ஆபத்தான இடத்துக்கும் மேயப் போகும்.

படி 8: திரும்பத் திரும்ப வாருங்கள்

ஒரே நாள் பார்த்தது ஒரு நிழற்படம் மட்டுமே. வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று பாருங்கள். யார் புதிதாக வந்தார்கள், யார் காணாமல் போனார்கள் என்று எழுதுங்கள். வெறுமையான இடத்தில் ஒரு சமுதாயம் வந்து, அது இடத்தை மாற்ற, மாறிய இடத்துக்கு அடுத்தது வருவதை வழிமுறை வளர்ச்சி என்பார்கள்.

1963 நவம்பரில் ஐஸ்லாந்தின் தெற்கே கடலுக்குள் எரிமலை வெடித்து சர்ட்சி என்ற புதுத்தீவு எழுந்தது. 1965-இல் அதன் கரை மணலில் முதல் பூச்செடி முளைத்தது. அதன்பின் செடிகள் வந்தன என்றாலும் ரொம்ப மெதுவாகத்தான், மண்ணில் சத்து இல்லை. 1980-களின் நடுவில் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடுகட்டத் தொடங்கின. அவற்றின் எச்சம் விழுந்த இடமெல்லாம் பச்சை பிடித்துக்கொண்டது. விதையும் பறவையோடு வந்தது, உரமும் பறவையோடு வந்தது.

படி 9: ஒன்றை மாற்றிப் பாருங்கள்

பார்ப்பதால் சந்தேகம் வரும். தீர்க்க வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே விட்டு ஒப்பிட வேண்டும். ராபர்ட் பெய்ன் என்ற சூழலியலாளர் 1960-களில் அமெரிக்காவின் வாஷிங்டன் கடலோரத்தில் ஒரு பாறைத் துண்டிலிருந்து நட்சத்திரமீன்களை மட்டும் தொடர்ந்து பிடுங்கிக் கடலில் எறிந்துகொண்டே இருந்தார். பக்கத்துத் துண்டைத் தொடவில்லை. நட்சத்திரமீன் தின்றுவந்த ஒருவகைச் சிப்பி தடையில்லாமல் பரவி இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 தான் மிஞ்சின. தின்பவர் போனால் மற்றவர்கள் பிழைப்பார்கள் என்று நாம் நினைப்போம், நடந்தது நேர்மாறு. வளைவின் உச்சியில் இருக்கும் ஒற்றைக் கல்லை உருவினால் வளைவே சரிவது போல, எண்ணிக்கையில் கொஞ்சமாக இருந்தும் எல்லாவற்றையும் தாங்கும் இனங்கள் உண்டு என்பதை அவர் காட்டினார்.

நீங்கள் உயிர்களைப் பிடுங்கி எறிய வேண்டாம். உங்கள் சதுரத்துக்குப் பக்கத்தில், களை மட்டும் இருக்கும் இடத்தில் ஒரு சிறு துண்டைக் கொத்தி வெறுமையாக்குங்கள். சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியை, தின்ன வருபவர்கள் நுழையாதபடி, சிறு கண் கம்பிவலையால் கூண்டுபோல் மூடுங்கள். மறுபாதி திறந்தே இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே அளவு வெயிலும் நீரும் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சார்லஸ் டார்வின் தன் தோட்டத்தில் இதைப் போன்ற ஒன்றைச் செய்தார். 3 அடி நீளம், 2 அடி அகலத்தில் நிலத்தைக் கொத்திச் சுத்தமாக்கி, முளைத்த ஒவ்வொரு களைச் செடிக்கும் அடையாளம் வைத்து எண்ணினார். மொத்தம் 357 முளைத்தன. அவற்றில் 295 அழிந்துபோயின, பெரும்பாலும் ஓடில்லா நத்தைகளாலும் பூச்சிகளாலும்.

அதே மாதிரி, முளை ஒன்று தலைகாட்டியதும் பக்கத்தில் ஒரு பல்குச்சி குத்துங்கள். தினமும் காலையில் போய்ப் புதிய முளைகளுக்குக் குச்சி குத்துங்கள், பழைய குச்சிகளை எடுக்க வேண்டாம். மூன்றாவது வாரம் குனிந்து, இரு பாதியிலும் செடி இல்லாமல் தனியாக நிற்கும் குச்சிகளை எண்ணி, நோட்டில் எழுதுங்கள்.